பனிச்சறுக்கும் பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒண்டாரியோவில் குளிர்காலம் தொடங்கியதும், இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிப் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டைப் புதிதாகப் பழகுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் பலகையைப் பற்றியோ பூட்ஸைப் பற்றியோ இருப்பதில்லை. பாட்டைப் பற்றித்தான். எந்த இயர்பட் வாங்குவது, ஹெல்மெட்டுக்குள் எதைச் செருகுவது, போன் ஏன் பாதியில் அணைந்துபோகிறது என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அதிகம் போவது காலிங்வுட் அருகிலுள்ள புளூ மவுண்டனுக்கு. மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் பக்கம் போகிறவர்களுக்கு எது மாறுமோ, அதை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

சறுக்கும்போது பாட்டுக் கேட்கலாமா, கூடாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

கேட்கலாம். நினைத்த இடத்தில் நிற்கவும் திரும்பவும் தெரிந்த பிறகு, வெளிச்சத்தம் காதில் விழும் அளவுக்குக் குறைத்து வைத்து, கூட்டமில்லாத சரிவில் கேட்கலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. புளூ மவுண்டனின் மொத்தச் செங்குத்து இறக்கமே சுமார் 220 மீட்டர்தான். சறுக்கி இறங்கச் சில நிமிடங்கள் போதும்; வரிசையில் நின்று, கம்பியில் ஓடும் நாற்காலியான லிஃப்டில் தொங்கியபடி மேலே போகத்தான் நேரம் பிடிக்கிறது. ஆகவே ஒண்டாரியோவில் பாட்டுக்கு உகந்த இடம் லிஃப்ட்தான். விஸ்லர் பிளாக்கோம்பில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை சுமார் 1,600 மீட்டர் இறக்கம். அங்கே ஒரே ஓட்டத்தில் பல பாட்டுகள் முடிந்துவிடும். ஆசையும் அதிகமாகும், களைப்பும் அதிகமாகும்.

இயர்போன் போடக் கூடாது என்று மலையில் ஏதாவது விதி இருக்கிறதா?

கனடாவின் பனிச்சறுக்கு மலைகளில் லிஃப்ட் கம்பங்களிலும் பலகைகளிலும் ஆல்பைன் பொறுப்பு விதிகளை எழுதி வைத்திருப்பார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், முன்னால் போகிறவருக்கே வழியுரிமை, இறங்கத் தொடங்குமுன் மேலே பார்த்து வழிவிட வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. இயர்போனைப் பெயர் சொல்லித் தடுக்கும் வரி அதில் இல்லை. ஆனால் அந்தந்த மலை தனியாக ஏதாவது அறிவித்திருக்கலாம், குறிப்பாகத் தாவல் மேடைகள் இருக்கும் டெரெய்ன் பார்க் வாசலில். அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

பயிற்சி வகுப்பில் மட்டும் கேள்விக்கே இடமில்லை. ஆசிரியர் பேசும்போது காதில் எதையாவது செருகிக்கொண்டு நிற்பது எந்த ஊரிலும் மரியாதை இல்லை.

நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். பாட்டு ஓடினால் பயம் குறையும் அல்லவா?

பயம் குறையும். கூடவே ஒரு நல்ல ஆசிரியரும் வாயடைத்துப் போவார். பலகையின் விளிம்பு பனியில் எழுப்பும் ஓசையைத்தான் சொல்கிறேன். மென்மையான பனியில் விளிம்பு சரியாகப் பிடித்தால் ‘ஸ்ஸ்’ என்று சீராக ஒரு சத்தம் வரும். பலகை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனால் அது கரகரவென்று சுரண்டலாக மாறும். உறைந்த பனிக்கட்டியில் அந்தச் சுரண்டல் இரும்பைத் தேய்ப்பது போல் கூர்மையாகும். ஒண்டாரியோவில் பகலில் சற்று உருகி இரவில் இறுகிப்போகும் பனி சகஜம் என்பதால், காலடியில் கட்டி வந்துவிட்டது என்று கண்ணுக்கு முன்பே காது சொல்லிவிடும்.

இன்னொரு சிக்கல், தாளம். வேகமான குத்துப் பாட்டு ஓடும்போது கால் தன்னை அறியாமல் அதற்கு ஈடு கொடுக்கப் பார்க்கும். திரும்பவே தடுமாறுகிறவருக்கு அந்த அவசரம் எதற்கு? முதல் பருவத்தில் லிஃப்டில் மட்டும் கேளுங்கள்.

லிஃப்டில் கேட்பதில் என்ன ஆபத்து இருக்க முடியும்?

உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றுமில்லை. இறங்கும் இடம்தான் வில்லங்கம். ஸ்னோபோர்டுக்காரர்கள் ஒரு காலை மட்டும் பூட்டிக்கொண்டு இறங்குகிறோம். முன்னே யாராவது விழுந்து கிடந்தால் லிஃப்ட் ஊழியர் கத்துவார். அந்தக் குரல் கேட்காமல் நாமும் போய் விழுந்தவர் மேலேயே விழுவோம். இறங்குவதற்கு இரண்டு கம்பங்களுக்கு முன்பே பாட்டை நிறுத்திவிடுங்கள்.

பாட்டை மாற்றுவதற்காகக் கையுறையைக் கழற்றி மடியில் வைப்பது இன்னொரு தவறு. லிஃப்ட் பாதைக்குக் கீழே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒற்றைக் கையுறைகள் எத்தனை கிடக்கின்றன என்று.

ஒரு காதில் மட்டும் போட்டால் போதும் என்கிறார்கள். எந்தக் காதில்?

முதுகுப் பக்கத்துக் காதைத் திறந்து வையுங்கள். காலுக்கொரு பலகை கட்டி ஸ்கீயில் போகிறவரின் உடம்பு சரிவை நேராகப் பார்க்கும். நாமோ பக்கவாட்டில் நிற்கிறோம். இடது காலை முன்னே வைக்கும் ரெகுலர் நிலையில் நெஞ்சு சரிவின் வலப்பக்கத்தைப் பார்க்கிறது. இடப்பக்கம் முழுவதும் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. குதிகால் பக்கம் சாய்ந்து திரும்பும்போது நாம் போவது அந்தப் பார்க்காத பக்கத்துக்கேதான். மோதல்களில் பல நடப்பது இங்கே: பின்னாலிருந்து வருகிறவர் நாம் நேராகப் போவோம் என்று நினைத்து ஒதுங்கிப் போகப் பார்ப்பார், நாம் அவர் வழியிலேயே திரும்பிவிடுவோம்.

ஆகவே ரெகுலர் என்றால் வலது காதில் மட்டும் போடுங்கள், இடது காது திறந்திருக்கட்டும். வலது காலை முன்னே வைக்கும் கூஃபி என்றால் நேர்மாறு. பின்னால் வரும் ஸ்கீயின் உரசல் திறந்த காதில் விழுந்தால், திரும்புவதை ஒரு நொடி தள்ளிப்போட முடியும்.

ஒற்றைக் காதில் கேட்டால் பாதி வாத்தியங்கள் காணாமல் போகின்றன என்ற குறை எழும். போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் போய் மோனோ ஒலியைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு பக்க ஒலியும் கலந்து ஒரே காதில் வரும்.

வீட்டில் பயன்படுத்தும் இயர்பட்டே போதாதா? தனியாக வாங்க வேண்டுமா?

முதலில் இருப்பதை வைத்துப் பாருங்கள். ஹெல்மெட், காகிள்ஸ், கழுத்துத் துணி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வீட்டிலேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஹெல்மெட்டின் காதுப் பஞ்சு இயர்பட்டை உள்ளே அழுத்தும். காதுக்கு வெளியே துருத்தி நிற்கும் வகை என்றால் சற்று நேரத்தில் வலி தொடங்கும். காதோடு காதாகப் பதிந்து உட்காரும் சிறிய வகைதான் ஹெல்மெட்டுக்கு ஒத்துவரும்.

அடுத்த சோதனை: கையுறையோடு நிறுத்த முடிகிறதா? தொட்டால் இயங்கும் இயர்பட் பஞ்சுக்குப் பின்னால் இருக்கும்போது கைக்கு எட்டாது. அதே சமயம் பஞ்சு உரசியோ ஈரம் பட்டோ தானாகப் பாட்டு மாறும், யாருக்காவது அழைப்பும் போகும். தொடு வசதியை அணைத்து வைக்க முடியும் என்றால் அணைத்துவிடுங்கள். நிறத்தையும் பாருங்கள். வெள்ளை இயர்பட்டைப் பனியில் தவறவிட்டவர் ஏப்ரலில் பனி உருகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஸ்பீக்கர் நல்லதா?

இரண்டு தட்டையான வட்டுகள். ஹெல்மெட்டின் காதுப் பஞ்சுக்குள் இருக்கும் பையில் செருகிவிட வேண்டும். அவுட்டோர் டெக் நிறுவனத்தின் சிப்ஸ், அலெக் போன்றவை இந்த வகை. எனக்குப் பிடித்ததும் இதுதான். காதுக்குள் எதுவும் நுழைவதில்லை, வெளிச்சத்தம் ஓரளவு உள்ளே வருகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகக் காதின் மேல் கையுறையோடு ஒரு தட்டு தட்டினால் பாட்டு நின்றுவிடுகிறது. ஒலித்தரம் சுமார்தான். பாஸ் ஒலியை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள்.

வாங்குமுன் ஹெல்மெட்டைக் கவனியுங்கள். ஐரோப்பிய இஎன் 1077 தரத்தில் ஏ, பி என்று இரண்டு வகுப்புகள் உண்டு. ஏ வகுப்பில் கெட்டியான ஓடே காதுவரை இறங்கும். பி வகுப்பில் காதை மூடுவது மென்மையான பஞ்சு. ஸ்பீக்கர் பை இருப்பது பொதுவாகப் பி வகுப்பு ஹெல்மெட்டில். பை இல்லை என்பதற்காக உள்ளிருக்கும் நுரையைக் கத்தியால் குடைந்து இடம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அடியை வாங்கிக்கொள்ள வேண்டியதே அந்த நுரைதான். அதில் கை வைக்காதீர்கள்.

எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்போன்தான் பாதுகாப்பு என்று ஓட்டப் பயிற்சி செய்யும் நண்பர் சொல்கிறார். சரியா?

ஓட்டத்துக்குச் சரி. காது முழுக்கத் திறந்திருக்கும், கன்ன எலும்பின் அதிர்வால் பாட்டுக் கேட்கும். ஷாக்ஸ் ஓப்பன்ரன் போன்றவை வியர்வை, மழை இரண்டையும் தாங்கும். ஆனால் தலைக்குப் பின்னால் சுற்றிவரும் வளைவு, ஹெல்மெட்டின் பின்பகுதியோடும் காகிள்ஸ் பட்டையோடும் முட்டும். ஹெல்மெட்டை இறுக்கும்போது அந்த வளைவு தள்ளப்பட்டு, கன்னத்தில் பதிய வேண்டிய பகுதி விலகிவிட்டால் ஒலி பாதியாகிவிடும். உங்கள் ஹெல்மெட்டைக் கடைக்கே எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பொருந்தினால் மிக நல்ல தேர்வு.

காற்றிரைச்சல் இதற்கு இன்னொரு எதிரி. திறந்த காதில் காற்று இரையும், நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள், கன்னம் அதிரும்.

இரைச்சலை நீக்கும் வசதியை இயக்கினால் காற்றுச் சத்தம் போய்விடுமே?

போகாது. அந்த வசதி விமான எஞ்சின் போன்ற சீரான, தாழ்ந்த இரைச்சலுக்காகச் செய்யப்பட்டது. காற்று மைக்கில் நேரடியாக மோதும்போது அது தடுமாறி, சில சமயம் இரைச்சலைக் கூட்டவே செய்யும். போகிறது என்றே வைத்துக்கொண்டாலும், பின்னால் வருகிறவரின் சத்தமும் சேர்ந்து போகும். அணைத்துவிடுங்கள்.

வெளிச்சத்தத்தை உள்ளே விடும் முறை நல்லதுதான், ஆனால் மைக்கின் மேல் ஹெல்மெட் பஞ்சு உரசினால் காதுக்குள் மூட்டை இழுப்பது போல் சத்தம் வரும். ஒற்றைக் காது வழிக்கு இது மாற்றாகாது.

40 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே போன் அணைந்துவிடுகிறது. போன் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. லித்தியம் அயான் பேட்டரிக்குள் அயனிகள் ஒரு திரவத்தின் வழியே நகர்கின்றன. குளிரில் அந்த நகர்வு மந்தமாகிறது, பேட்டரியின் உள்மின்தடை உயர்கிறது. போன் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணிப் போன் தன்னை அணைத்துக்கொள்கிறது. சார்ஜ் எங்கும் போகவில்லை. உடம்புச் சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்தால் பழைய சதவீதத்தோடு விழித்துக்கொள்ளும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். மைனஸ் 15-இல் ஜாக்கெட்டின் வெளிப்பையில் வைத்துவிட்டுப் போனைக் குறை சொல்லி என்ன பயன்? பழைய பேட்டரி என்றால் இந்தச் சரிவு இன்னும் சீக்கிரம் வரும்.

ஜாக்கெட்டின் உள்பையில், திரை உடம்பைப் பார்த்தபடி வையுங்கள். கை சூடேற்றும் பொட்டலத்தைப் போனோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரே இடத்தில் சூடு குவிவதும் பேட்டரிக்கு நல்லதில்லை. குளிர்ந்துபோன போனை உணவகத்துக்குள் நுழைந்ததும் மேஜையில் எடுத்து வைத்தால் சூடான காற்றின் ஈரம் அதன் மேல் படியும். பையிலேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

அப்படியென்றால் பவர் பேங்கை எடுத்துப் போய் லிஃப்டிலேயே சார்ஜ் செய்யலாமா?

உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள். குளிரில் பயன்படுத்துவதால் பெரிய தீங்கில்லை, சார்ஜ் ஏற்றுவதுதான் தீங்கு. லித்தியம் உள்ளே போய்ச் சேராமல் மின்முனையின் மேல் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் சூடேற்றினாலும் திரும்பாது. இயர்பட்டின் சார்ஜிங் பெட்டிக்கும் இதுவே பொருந்தும். பெட்டியைக் காரில் போட்டுவிட்டு வருகிறவர்கள், மாலையில் அது காருக்குள்ளேயே உறைந்து கிடப்பதை மறந்துவிடுகிறார்கள். மதியம் சாப்பிட உட்காரும்போது, எல்லாம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இயர்பட்டின் தண்ணீர் தாங்கும் தரக்குறி ஐபிஎக்ஸ்4 போதுமா, ஐபி67 வேண்டுமா?

ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். ஹெல்மெட்டுக்குள் இருப்பதற்கு ஐபிஎக்ஸ்4 போதும். அங்கே வருவது பெரும்பாலும் வியர்வையும் உருகிய பனியும்தான். அதிக எண்ணுக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

பாட்டு விட்டு விட்டு வருகிறது. புளூடூத் குளிரில் வேலை செய்யாதா?

குளிர் காரணமில்லை, உங்கள் உடம்புதான் காரணம். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. தண்ணீர் நிறைந்த மனித உடம்பு அந்த அலையை நன்றாக உறிஞ்சும். போன் இடுப்பின் ஒரு பக்கத்திலும் ஒலியை வாங்கும் இயர்பட் மறு பக்கக் காதிலும் இருந்தால் அலை உடம்பைச் சுற்றி வர வேண்டும். வீட்டுக்குள் சுவரில் பட்டுத் திரும்பி எப்படியோ வந்து சேரும். திறந்த மலையில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. இயர்பட் போட்ட பக்கத்து நெஞ்சுப் பைக்குப் போனை மாற்றுங்கள். பலருக்கு இத்தோடு தீர்ந்துவிடும்.

மலையில் சிக்னல் இல்லை. ஹை ரெசல்யூஷன் பாட்டாக இறக்கி வைத்துக்கொள்ளலாமா?

முந்தைய இரவே இறக்கி வையுங்கள், ஆனால் உயர்தரம் வேண்டாம். 160 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு சுமார் 1.2 மெகாபைட். அதற்கு மேல் இருக்கும் நுணுக்கம் காற்றில் கேட்கப்போவதில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும் என்பதால், தனியாகச் சறுக்கும் நேரத்தில் விமான முறையில் வைத்துப் புளூடூத்தை மட்டும் இயக்கலாம். மாலையில் அழைப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு சார்ஜாவது மீதி இருக்கட்டும். மலைக் காவலரை அழைக்க வேண்டி வந்தால் பாட்டு உதவாது.

பாட்டுகளை ஒரே பட்டியலாக அடுக்கிவிடுங்கள். நடுச் சரிவில் உட்கார்ந்து அடுத்த பாட்டைத் தேடுகிறவர்கள்தான் எனக்கு மலையில் ஆகவே ஆகாதவர்கள்.

பழைய எம்பி3 பிளேயர் ஒன்று பெட்டியில் கிடக்கிறது. அதைக் கொண்டுபோனால் சிரிப்பார்களா?

சிரிக்கட்டும். பொத்தான் உள்ள சின்ன பிளேயர் இந்த வேலைக்கு இன்றும் பொருத்தமானது. விழுந்து உடைந்தால் போன் தப்பிக்கும். ஸ்னோபோர்டுக்கும் கைக்கடக்கமான பாட்டுக்கும் பழைய உறவு உண்டு: 2003-இல் ஸ்னோபோர்ட் தயாரிக்கும் பர்ட்டன் நிறுவனமும் ஆப்பிளும் சேர்ந்து, சட்டைக்கையிலேயே பொத்தான் வைத்து ஐபாடை இயக்கும் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தன. அந்தக் கால ஐபாடுக்குள் சுழன்றது ஹார்ட் டிஸ்க். தாவி விழும் விளையாட்டுக்கு ஏற்றதல்ல. 2005-இல் அசையும் பாகமே இல்லாத 22 கிராம் ஐபாட் ஷஃபிள் வந்தபோதுதான் அந்தக் கவலை தீர்ந்தது.

வயர் உள்ள இயர்போன் என்றால் வயரைச் சட்டைக்குள்ளேயே விட்டுக் கழுத்து வழியே மேலே கொண்டுவாருங்கள். குளிரில் வயர் விறைத்துப்போகும், வெளியே தொங்கினால் லிஃப்டில் மாட்டும்.

எவ்வளவு சத்தமாக வைக்கலாம்?

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரத்தோடு சரி. ஒரு நாள் சறுக்கிலேயே அது தீர்ந்துவிடும். மலையில் சிக்கல் என்னவென்றால், காற்றை வெல்லக் கூட்டிய ஒலி லிஃப்டில் அமைதியாக உட்கார்ந்த பிறகும் அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும். லிஃப்டில் இதமாக இருக்கும் அளவை வைத்துவிட்டு, சறுக்கும்போது கூட்டாமல் விடுங்கள். காற்றில் பாட்டு மங்கினால் மங்கட்டும்.

பையில் புளூடூத் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டால் காது திறந்தே இருக்குமே?

உங்கள் காது திறந்திருக்கும். மற்றவர்கள் காதை மூட முடியாது. வேண்டாம்.

ஒலிம்பிக் வீரர்களே காதில் மாட்டிக்கொண்டுதானே இறங்குகிறார்கள்?

ஸ்னோபோர்ட் 1998 நாகானோவில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. ஹாஃப்பைப், ஸ்லோப்ஸ்டைல் என்ற வித்தைப் போட்டிகளின் வீரர்கள் சிலர் பாட்டோடு இறங்குவது உண்மைதான். ஆனால் அந்தத் தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். பின்னாலிருந்து யாரும் வரப்போவதில்லை, குறுக்கே குழந்தை நிற்கப்போவதில்லை. புதியவர்களுக்கான பச்சைச் சரிவு சனிக்கிழமை மதியம் அப்படியா?

என் மகளுக்கு 11 வயது. அவளும் கேட்கிறாள்.

மகள் கேட்டால் லிஃப்டில் மட்டும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருந்தால். குழந்தைகளுக்கான அளவு முந்தையதைவிடக் குறைவு: வாரத்துக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். சரிவில் நீங்கள் பின்னாலிருந்து “நில்” என்று கத்தினால் அவள் காதில் விழ வேண்டும்.

இயர்பட் போட்டிருந்தபோது மோதிவிட்டால் தவறு என்னுடையதா?

முதலில் சொன்ன விதிகளின்படி கேள்வி வேறு: யார் மேலே இருந்தார்? மேலிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். நீங்கள் கீழே இருந்தால், இயர்பட் போட்டதாலேயே அவருடைய பொறுப்பு உங்களுக்கு மாறிவிடாது. நீங்கள் மேலே இருந்தால், கேட்கவில்லை என்பது சாக்காகாது. இரண்டு தடங்கள் சேரும் இடத்தில் மேலே பார்த்துவிட்டு நுழைய வேண்டியது கண்ணின் வேலை.

யார் தவறாக இருந்தாலும் இடத்தை விட்டுப் போகக் கூடாது; மலைக் காவலரிடம் பெயரைக் கொடுக்க வேண்டும். காப்பீடு, வழக்கு என்று வளர்ந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள், என்னை அல்ல.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைக்கு வெளியே, தடமில்லாத பனியில் போகப் போகிறோம். அங்கே கூட்டமே இல்லை. அங்கேயாவது கேட்கலாமா?

அங்கேதான் அறவே கூடாது. பனிச்சரிவு வருமுன் சில சமயம் ஒரு எச்சரிக்கை கிடைக்கும்: காலடியில் ‘வும்ப்’ என்று அமுங்கிய ஓசை. அடியிலுள்ள பலவீனமான அடுக்கு உங்கள் எடையால் நொறுங்கி அமர்கிறது என்று பொருள். அதைக் கேட்டவுடன் அந்தச் சரிவை விட்டு விலக வேண்டும். மரங்களுக்கிடையே வேறொரு அபாயம். ஊசியிலை மரத்தடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தவரால் தானாக வெளியே வர முடியாமல் போகலாம், கூட வந்தவர் நிமிடங்களில் வந்தாக வேண்டும். விஸ்லரில் மலை எல்லைக்குள் மரங்களுக்கிடையே போனாலும் இது பொருந்தும்.

மின்கருவிகளே இன்னொரு பிரச்சினை. புதையுண்டவரைத் தேட உதவும் டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. போன், ஹெட்போன், சூடேறும் கையுறை, காந்தக் கொக்கி எல்லாம் அதைக் குழப்பும். சமிக்ஞை அனுப்பும் நிலையில் அவை குறைந்தது 20 சென்டிமீட்டர், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முன்பு சொன்ன நெஞ்சுப் பை யோசனை இங்கே செல்லாது, ஏனென்றால் டிரான்ஸீவர் கட்டியிருப்பதும் நெஞ்சில்தான். போனை அணைத்துக் கால்சட்டைப் பையில் போடுங்கள், ஹெல்மெட் ஸ்பீக்கரைக் கழற்றிக் காரில் வையுங்கள், கிளம்புமுன் அவலான்ச் கனடா அமைப்பின் அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படியுங்கள்.